யோனான் ஐயா பார்த்த திசை

— யோனான் ஐயாவுக்குக் குழியில கால் எந்தப் பக்கம்ங்க இருக்குது?

— மேற்கால. தல கெழக்கால. ஏன் சுதா, கையில இருக்கற பையக்கூட கீழ வைக்காம?

— ஐயோ, மாத்தி வெச்சுட்டீங்களே! எங்கம்மாவப் பாக்க வந்தவாசி போய்ட்டு வரதுக்குள்ள அவரு செத்து, பொதச்சும் முடிச்சு...

— நாம கெழக்க தல வெச்சுதான படுக்கறோம்? அந்த நெனப்புல குழி வெட்டறவர்கிட்ட சொல்லிட்டேன்.

— அது தூங்கறவங்களுக்கு. செத்தவங்களுக்குத் தெக்க தல. நயினார் ஊட்ல பொறந்துட்டு இதுகூடவா தெரியாது? பாதிரியாரு ஒண்ணும் சொல்லலயா?

— சொன்னாரு. நம்ம மாடியில வருஷக்கணக்கா குடியிருந்த மனுஷன். எனக்கு எதுவும் காதுல ஏறல.

— அவங்க சனத்துக்குக் கால்தாங்க கெழக்கால இருக்கணும். அவங்க சாமி கெழக்க இருந்து வருவாராம். அன்னிக்கு செத்தவங்க எழுந்து நின்னா நேரா அவரு மொகத்துல முழிக்கணுமாம். பொழுது சாயறதுக்குள்ள நான் சோறு எடுத்துகினு போவேன், கெழக்குச் சன்னல பாத்து நின்னுகினு இருப்பாரு.

— தெரியும். இராக்ல இருந்து ஈரானு, சீனானு கெழக்க கெழக்க போயி கோயில் கட்டின கிறிஸ்தவ சனம்னு சொல்லுவாரு.

— கடைசியில சீனாவுல அவங்க எழுதி வெச்ச கல்லுதான் நிக்குதாம். நம்மளாட்டம்தான். மலைக்கு மலை நம்ம சமண முனிவருங்க கல்படுக்கை கெடக்குது, படுக்க ஆளில்ல.

— கேரளாவுல அவங்க பாஷையில இன்னும் பூசை நடக்குதுனு பாக்க வந்தவரு. திரும்பற வழியில நம்ம மலையப் பாத்துட்டு, எங்க ஊர் மலையாட்டமே இருக்குதுனு இங்கயே தங்கிட்டாரு.

— இராக்ல அந்த ஊர்லயும் இப்ப ஒரு சுடுகுஞ்சுகூட இல்ல. சண்டை வந்தப்ப கடைசியா கெளம்பினது இவரும் இவரு மவ ஷமிரானும்தான்.

— வரமாட்டேன்னவர அந்தப் பொண்ணுதான் கைய புடிச்சு ஊர உட்டு இழுத்துகினு வந்துச்சு.

— அத நெனச்சு சுவீடன்ல உக்காந்துகினு இன்னும் அழுவுது. காலைல போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. ‘அப்பா கெழக்க பாத்துதான படுத்திருக்காரு?’ விசாரிச்சு சொல்றேன்னேன். இப்ப திரும்பக் கூப்டும். வாங்க, குழி வெட்டினவரக் கூட்டினு போயி திருப்பி வெச்சுடலாம்.

— வேணாம்.

— பாதிரியாருகிட்ட நான் பேசறேங்க.

— வேணாம் சுதா. போன் வந்தா என் தப்புனே சொல்லு. எங்க ஊட்டுக்காரரு வெவரம் கெட்டவருன்னு நல்லா திட்டு.

— அதுக்கு நீங்க சொல்லணுமா? என்னத்தையோ மறைக்கறீங்க. எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

— ஆஸ்பத்திரில எங் கைய புடிச்சுகினாரு. ‘கால மேற்கால வை, எங்க ஊரப் பாத்து’ன்னாரு. பாதிரியாரு கேட்டும் நான்தான் அடம் புடிச்சு வெச்சேன். இத அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?

— மேற்கால என்ன இருக்குது? ஊர்லதான் யாருமே இல்லையே!

— நானும் அதத்தான் கேட்டேன். ‘அதனாலதான் தன்யகுமாரு. அப்டியே உட்டுட்டு வந்துட்டோம். யாராவது ஒருத்தர் பாத்துகினு இருக்கணும் இல்ல?’ன்னாரு.