சரிபார்த்தவர்

என் வீட்டில் பெயர் ஒட்டாத டப்பா ஒன்றுகூட இருக்காது. உப்பு டப்பாவில் உப்பு என்றே எழுதி ஒட்டியிருப்பேன். பார்த்தாலே தெரியாதா என்று என் மனைவி சிரிப்பாள். தெரியும்தான். ஆனாலும் எழுதியிருந்தால் மனதுக்கு ஒரு நிம்மதி. நான் அப்படிப்பட்ட ஆள். விசாரணை அதிகாரியான உங்களிடம் இதை முதலில் சொல்லக் காரணம், நான் அலட்சியமானவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மருந்து பம்ப் செய்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருப்பார்களே, சொட்டுச் சொட்டாக நரம்பில் மருந்து ஏற்றும் சின்னப் பெட்டி, அதுதான். பெட்டியைச் செய்பவர்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுபவர்கள் நாங்கள். மேல்தளம், நீளமான ஒரே அறை, வெயில் விழும் பக்கத்து ஜன்னல்களுக்கு மட்டும் திரை.

மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுதுவோம். அதைக் கமிட் மெசேஜ் என்போம். நான் குழுத் தலைவனாக வந்தபோது அந்தக் குறிப்புகள் இருந்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'சரி பண்ணியாச்சு' என்று ஒருவர் எழுதியிருப்பார். 'மறுபடியும் சரி பண்ணியாச்சு' என்று அவரே அடுத்த நாள் எழுதியிருப்பார். யார் சொல்லி மாற்றினார்கள், யார் பார்த்தார்கள், ஒன்றும் தெரியாது.

நான்தான் ஒழுங்கு கொண்டுவந்தேன். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். எழுதியவர், சரிபார்த்தவர், சோதித்தவர், எந்தப் புகாருக்காக இந்த மாற்றம். வார்த்தை, பக்கத்தில் இரண்டு புள்ளி, பிறகு பெயர். வடிவம் மாறக் கூடாது. எழுதியவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்த வரிகள் இல்லாத எதையும் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் ஒரு சின்ன நிரலையும் நானே எழுதி வைத்தேன். குறிப்புக்கு வால் முளைத்தது போல இருந்ததால் எனக்கு வால்காரர் என்று பெயர் வைத்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

அதை அறிமுகப்படுத்திய கூட்டத்தில், பம்ப்பைச் சோதிக்கும் பிரிவில் இருந்த ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டார்.

"பேர் இருக்கான்னு உங்க நிரல் பாக்குது, சரி. அவர் நிஜமாவே பார்த்தாரான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாம் எல்லாம் படித்தவர்கள், பார்க்காமல் பெயர் போட மாட்டோம் என்று சொன்னேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவான பிறகும் சின்னவன்தான். என் குழுவில் அவனைச் சேர்த்தது நான். சொந்தக்காரன் என்பதற்காகச் சேர்க்கவில்லை. எங்களில் அவன் அளவுக்கு நிதானமாகப் படிப்பவர் யாரும் கிடையாது. பேச்சு குறைவு. ஒரு பக்கத்தைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "அத்தான், இந்த இடம் இடிக்குதே" என்பான். இடிக்கத்தான் செய்யும்.

அவனுக்கு என்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் அதிகம். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவன், நான் அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாகப் போனபோது அரை டிராயர் போட்டிருந்தான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். எனவே எழுத்துப்பிழை திருத்துவது போன்ற சில்லறை மாற்றங்களுக்கு, "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் அத்தான், என் பேரப் போட்டுக்கோங்க" என்று அவனே சொல்லிவிடுவான். நானும் போட்டுக்கொள்வேன். அதில் யாருக்கும் கெடுதல் வரவில்லை. சில மாதங்களில் அவனிடம் கேட்பதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவனைத் தொந்தரவு செய்வானேன் என்றுதான்.

அந்த மாற்றத்துக்கு வருகிறேன். நோயாளியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பம்ப்பின் பேட்டரியை மாற்றுவார்கள். மாற்றியதும் பம்ப் நின்றுவிடும். கூவும். நர்ஸ் வந்து, இதுவரை எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று பார்த்து, அதைப் பம்ப்பில் பதிந்து ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். இந்தக் கூவல் தாங்க முடியவில்லை என்று மருத்துவமனைகளிலிருந்து புகார்மேல் புகார். மேலாளர் தினமும் என் மேசைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போவார். ஒன்றும் கேட்க மாட்டார், நிற்பார், அவ்வளவுதான்.

நான் அந்தக் கூவலையும் பொத்தானையும் எடுத்துவிட்டேன். பேட்டரி மாற்றினால் பம்ப் தானாகவே ஓடத் தொடங்கும். அழகாக, சுருக்கமாக எழுதியிருந்தேன். புதுப் பதிப்பு போக வேண்டிய நாள் வந்துவிட்டது. சோதித்தவர் வரியில் என் பெயரையே போட என் விதி இடம் கொடுத்தது. போட்டுக்கொண்டேன். மேசைமேல் வைத்து ஒரு தடவை பேட்டரியை மாற்றிப் பார்த்திருந்தேன், ஓடியது. சரிபார்த்தவர் வரி மட்டும் காலி. சின்னவன் அன்று வேலைக்கு வரவில்லை. அவன் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் இருந்தான். நான் போன் செய்து விசாரித்தேன். கொஞ்ச நேரம் பேசினோம். வைத்த பிறகு அந்த வரியில் அவன் பெயரை அடித்தேன். என் நிரல் ஏற்றுக்கொண்டது.

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த ஓர் அம்மா. பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர். வலி தெரியாமல் இருக்க எங்கள் பம்ப்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனபோது பேட்டரி மாற்றினார்கள். பம்ப் கூவவில்லை. இதுவரை கொடுத்த கணக்கை மறந்து, முதல் முதலாகக் கொடுக்க வேண்டிய பெரிய அளவை மறுபடி கொடுத்தது. திரும்பக் கொண்டுவரும்போதும் மாற்றினார்கள். அந்த அம்மா நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

நிறுவனத்துக்குள் முதலில் ஒரு விசாரணை நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. பதிவைத் திறந்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எழுதியவர் நான். தவறு செய்வது எழுதுபவனுக்கு இயல்பு, அதைப் பிடிப்பதற்குத்தானே இன்னொருவர் இருக்கிறார் என்று விசாரணைக் குழுவில் ஒருவர் சொன்னார். என் விதியைப் புகழ்ந்தும் பேசினார். எல்லோருடைய பார்வையும் அடுத்த வரிக்குப் போனது.

அன்று மாலை சின்னவன் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், அத நான் பார்த்த ஞாபகமே வரலையே."

பாப்பா கை முறிந்த அன்று நடந்தது, அவன் எந்த நிலைமையில் இருந்தான் என்று நினைவூட்டினேன். போனில் பேசினோமே என்றேன்.

"பேசினோம்."

"ரொம்ப நேரம் பேசினோம்."

"ஆமா."

"அப்போ?"

நான் சொன்னது அவ்வளவுதான். நீ பார்த்தாய் என்று நான் சொல்லவே இல்லை. அவன் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "நீங்க படிச்சுக் காட்டுனீங்களா?" என்று கேட்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது முறை விசாரணைக் குழு கூப்பிட்டபோது அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருந்தது. மருத்துவமனை வராந்தாவில் நின்றிருக்கிறான். யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போக, சத்தத்துக்காக ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டிருக்கிறான். அத்தான் வரி வரியாகப் படித்துக் காட்ட, அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அப்படித்தான் நடந்திருக்குமோ என்று தோன்றியது. அவ்வளவு தெளிவாகச் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

வேலையை விட்டுவிட்டான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். குழந்தைக்கு இருமல் மருந்துகூட ஊற்றித் தருவதில்லை. மூடியில் உள்ள கோட்டை அவன் மனைவி பார்த்து, பிறகு என் மனைவி பார்த்து, அதன்பிறகும் வேண்டாம் என்று எழுந்து போய்விடுகிறான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறான். என் மனைவி தினமும் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அவன் எதையும் பார்க்காம சரின்னு சொல்றவனா?"

பதிவில் இருக்கிறதே என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. பதிவில் இருந்தது.

போன வாரம் அவன் யாரிடமும் சொல்லாமல் அந்தத் தையல் டீச்சரின் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவர் கணவர் பஸ் ஓட்டியவர். திட்டவில்லையாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார். உங்கள் ஆட்களில் நீங்கள் ஒருவராவது வந்தீர்களே என்றாராம். பிறகு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அதை என்னிடம் வந்து சொன்னான்.

"'பார்த்தப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா தம்பி'ன்னு கேட்டார் அத்தான். தோணுச்சுன்னுதான் நினைக்கிறேன். எங்கயோ ஒரு இடம் இடிச்சுது. என்னன்னுதான் பிடிபடல."

அதன்பிறகுதான் நான் உங்களிடம் வருவதென்று முடிவு செய்தேன். அவனுக்கு ஞாபகம் வந்துவிடும் என்ற பயத்தில் வந்ததாக நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் மறுக்க மாட்டேன்.

அவனுக்குப் பிடிபடாததை நான் சொல்கிறேன். அந்த மாற்றத்தை நான் எழுதத் தொடங்கிய நாளில் சின்னவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான். "அத்தான், பேட்டரிய எடுத்தா கணக்கு அழிஞ்சிடுமே. திரும்ப முதல் டோஸ்லேர்ந்து ஆரம்பிக்காதா?" என்று கேட்டான். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாவற்றையும் பிரித்து எழுத வேண்டிவரும். மேசைமேல் சோதித்தபோதும் பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தேன், எந்த அளவிலிருந்து ஓடுகிறது என்று பார்க்காமல் இருந்துகொண்டேன். குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் போனில், நான் கேட்காமலே அவன் சொன்னான்: "அந்த பேட்டரி விஷயத்த நான் வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் அனுப்பிடாதீங்க." சரி என்று சொன்னது நான்தான். வைத்துவிட்டு அவன் பெயரை அடித்தேன். அவனைத் தவிர வேறு யார் பெயரைப் போட்டிருந்தாலும் அவர்கள் வந்து கேட்பார்கள். இவன் கேட்க மாட்டான், நான் பார்த்துக்கொண்டேன் என்றால் நம்பிவிடுவான் என்று தெரிந்துதான் அடித்தேன். தவறைப் பார்த்த ஒரே ஆள் அவன். சந்தேகப்பட்டவர் என்று ஒரு வரியை நான் என் விதியில் வைக்கவில்லை.

அந்த அம்மா இறந்தது என்னால். அவன் செய்யாததை அவன் தலைக்குள் வைத்ததும் நான். இதை எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் காலையில் அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் அத்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தத் தள்ளுவண்டிச் சத்தம்கூட ஞாபகம் இருக்கு. என்னைக் காப்பாத்தறதுக்காக நீங்க பழிய ஏத்துக்காதீங்க."

மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினான், அழுதான். அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்த பார்வையில், இப்படியும் ஒரு மனிதரா என்ற மரியாதை இருந்தது. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கைகளை விலக்கிக்கொள்ள மனம் வரவில்லை. வெகுநாளைக்குப் பிறகு, அங்கே உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம், நான் நல்லவன் என்று எனக்கே தோன்றியது.