ஹாரன் அடிக்கும் உரிமை

வீடியோ கேம் கார்ட்ரிட்ஜை வாயால் ஊதக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். எல்லாரும் ஊதுவார்கள். எச்சில் பட்டால் அடியில் உள்ள தகடு கறுத்துவிடும். என் அப்பா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பார்.

அப்பா பெயர் ஆரோக்கியநாதன். சாந்தோமில் புவியியல் வாத்தியார். எனக்குப் பத்து வயதானபோது பர்மா பஜாரிலிருந்து அந்த கேம் பெட்டியை வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு ஃபிரெட்ரிக் தினமும் வந்து என்னோடு ஆடுவான். அவனுடைய அப்பா வீடு தங்கியதே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னை அவருடைய காரில் மகாபலிபுரம் வரை கூட்டிப்போவார். மைல்கல்லை முதலில் படிப்பவருக்கு ஹாரன் அடிக்கும் உரிமை. திங்கட்கிழமை அதையெல்லாம் ஃபிரெட்ரிக்கிடம் சொல்வேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் யூடியூப் சேனல் தொடங்கினான். பழைய கேம், பழைய கார், ஊர் சுற்றல். நன்றாகப் பேசுவான். முதல் வீடியோவிலேயே, "எங்க நைனா கார்ட்ரிட்ஜை ஊதவே வுட மாட்டார்பா" என்றான்.

நேரில் போய்க் கேட்டேன்.

"இன்னா மேத்யூ, இதுக்குப் போயி மூஞ்சைத் தூக்கிக்கினு வந்துட்டே? நாலு பேர் முன்னாடி நின்னா உனக்கு வேர்த்துடும். நம்ம கதைதானே மச்சி, யார் சொன்னா இன்னா?"

நியாயமாகத்தான் பட்டது.

அப்பா இறந்த பிறகு காரை நிறுத்த என் மந்தைவெளி ஃபிளாட்டில் இடமில்லை. கோட்டூர்புரத்தில் அவனுக்கு இடம் இருந்தது. கேட்டான், கொடுத்தேன். சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், கிளட்ச்சை எப்படி மிதிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

போன மாதம் நந்தனத்தில் பழைய கார்க்காரர்கள் கூடினார்கள். அவன் மைல்கல் கதையைச் சொன்னான். என் அப்பாவைப் போலவே மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவரோட ஃப்ரெண்டா சார்? இவங்க அப்பாவைப் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்றேன்.

அன்று காரில் புதிதாக ஏ.சி. பொருத்தியிருந்தான். மனைவி டோரதியையும் மகள் கரோலையும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகப் போகிறானாம். கரோலுக்கு ஏழு வயது. "எப்டி கீது?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவனிடம் நான் சொல்லாதது ஒன்றே ஒன்று. அப்பா அந்தக் காரின் கண்ணாடிகளை ஒருபோதும் ஏற்றியதில்லை. மழையிலும் இறக்கியேதான் ஓட்டுவார். புகைக்குழாயில் விரிசல் இருந்தது. அடித்தளத்தைத் துரு தின்றிருந்தது. புகை உள்ளே வரும், வாடைகூடத் தெரியாது, மூடி ஓட்டினால் தூங்கிப்போய் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று மெக்கானிக் அக்பர் பாஷா சொல்லியிருந்தார். எத்தனை முறை ஒட்டியும் நிற்கவில்லை. என் நினைவுகளில் ஃபிரெட்ரிக் எடுத்துக்கொள்ளாதது அது மட்டும்தான். அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அது அவன் நைனாவின் வண்டியாக இருந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும்.

அவன் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மையல்ல. புதுச்சேரி போகும் வழியில், மரக்காணம் தாண்டி அவன் போன் செய்தான்.

"மச்சி, தலை பொளக்குதுடா. கரோல் ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. டோரதி தூங்கிக்கினே வரா, எழுப்பினா முனகுறா. உங்க நைனா வண்டில எதுனா கோளாறு கீதா?"

உங்க நைனா என்றான். மூன்று வருடமாக அவன் வாயிலிருந்து நான் எதிர்பார்த்தது அந்தச் சொல்தான். சந்தோஷமாக இருந்தது. பின்னால் குழந்தை, "டாடி, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"ஒண்ணும் இல்லடா, வெயில்தான். ஓரமா நிறுத்து. இன்ஜினை ஆஃப் பண்ணாதே. கண்ணாடியை நல்லா ஏத்திட்டு, ஏ.சி.யைக் கூட்டி வெச்சு, மூணு பேரும் கொஞ்ச நேரம் தூங்குங்க" என்றேன்.

தூங்கினார்கள். மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. உப்பளத்து ஆட்கள் கண்ணாடியை உடைத்தபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்றீர்கள். அப்பா அதை அவ்வளவு நன்றாக வைத்திருந்தார்.

கோபத்தில் சொன்னதல்ல, மேடம். அன்றைக்கு வெயில் உண்மையிலேயே அதிகம்.