பெத்தவளைவிடச் சத்தமா அழுதவ

...இல்லம்மா, ஒருத்தி அழுதே என் குடியைக் கெடுத்தா! யாரா? பெண்டம்மா மக, அந்த நூகரத்தினம். நீங்க செவுளைத் தூக்கிப் பாருங்க, நல்லாப் பாருங்க, காலையில ஏலத்துல எடுத்த மீனுதான்.

அவங்களுக்கும் எங்களுக்கும் என் மாமனார் காலத்துலேர்ந்து பேச்சு கிடையாது. ஒரு நாள் அவங்க கரைவலை எங்க வலையில சிக்கிக்கிச்சு, யாரோ அறுத்துட்டாங்க. யாருன்னு இந்த பீமிலி ஊர்ல இன்னும் முடிவாகல. நாங்கதான் அறுத்தோம்... ஆனா முடிவாகலம்மா.

போன புயல்ல என் பையன் தாதாராவ் போன போட்டு கரை திரும்பல. ஒத்தப் பிள்ளை. அப்பனும் இல்ல. கரையில மாரடிச்சிக்கிட்டு அழறேன். பக்கத்துல ஒரு சத்தம் வருது பாருங்க... அப்பப்பா! திரும்பினா இவ, மண்ணுல கெடந்து புரள்றா. ஊரே என்னை விட்டுட்டு அவளைத் தேத்தப் போயிடுச்சு. எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல!

அப்பதான் எனக்கு வெளங்குச்சு. அவ அப்பன் குரய்யாவுக்கும் அப்பதான். அந்த மனுசன் போட்டைத் தள்ளிக்கிட்டு அந்த அலையில எறங்கிட்டான். விடிஞ்சதும் என் பையனைத் தோள்ல போட்டுக் கொண்டாந்து எறக்கினான்.

நானா? 'பையன் கொண்டுபோன வலை எங்க?'ன்னு அவன்கிட்ட கேட்டேன். வாயில அதுதான் வந்துச்சு. என்ன பண்றது...

பையன் கண்ணு முழிச்சான். அம்மான்னு கூப்பிடுவான்னு குனிஞ்சா, 'நூகா எங்க?'ங்கறான்! எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? நேரா கங்கம்மா கோயிலுக்குப் போனேன். 'அந்த வீட்டுப் பொண்ணு என் வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னு ஊரு முன்னால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணேன்.

மிதிக்கலம்மா. பொய் சொல்லக் கூடாது, சொன்ன பேச்சைக் கேட்டுட்டா. இவன்தான் துணியைச் சுருட்டிக்கிட்டு அவங்க வீட்டோட மாப்பிள்ளையாப் போயிட்டான். அவன் அங்க போகக் கூடாதுன்னும் சத்தியத்துல சேத்திருக்கணும். அவசரத்துல தோணலியே! இப்ப அவன் பிடிக்கிற மீனெல்லாம் அவ கூடைக்கு. நான் எவனெவனோ பிடிச்சதை ஏலம் எடுத்து விக்கிறேன்.

சரி, இந்த காணாங்கெளுத்தியை வெட்டவா? ...எங்கம்மா எழுந்துட்டீங்க? அந்தப் பக்கமா? ஏம்மா, அது அவ கூடை! இவ்வளவு நேரம் யாருக்குச் சொன்னேன்?

போங்க, போங்க. வஞ்சரமா எடுங்க, எம்புள்ள பிடிச்சது, கெட்டிருக்காது. ஆனா ஒண்ணு... அடியில கெடக்கு, கூடையைத் தூக்கிக் கொட்டுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. முழுகாம இருக்கா. எங்கிட்ட யாரும் சொல்லல, நடையைப் பாத்தா தெரியாதா எனக்கு? நீங்களே குனிஞ்சு எடுத்துக்குங்க.

நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.