நாற்காலி மிஸ்ஸுக்காக யாரும் எழவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும் மிஸ்ஸின் தம்பி அவர்களே, தோழிகளே, தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எட்டாம் வகுப்பின் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். மறைந்தவர் நம் பள்ளியின் நூலகர். நமக்கு அவர் நாற்காலி மிஸ்!

ஏன் அந்தப் பெயர்? நூலக ஜன்னலோரம் கைப்பிடி உடைந்த நாற்காலி ஒன்று இருந்தது. மிஸ் கதை வாசித்து முடித்ததும், அந்தக் கதையில் எல்லோரும் யாரைத் திட்டுகிறார்களோ அவருக்காக ஒருவர் அதில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். கேலி செய்யக் கூடாது.

ஒருநாள், கிணற்றைப் பூட்டிவைத்த ராட்சசனுக்காக நாங்கள் குண்டூசி என்று கூப்பிடும் எங்கள் வகுப்புப் பையன் உட்கார்ந்தான்.

"எல்லாரும் கல்லைத் தூக்கிக்கிட்டு வந்தா நான் எப்படி மிஸ் பூட்டைத் திறப்பேன்?"

சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. "சரிப்பா. கதையில வர்ற அந்தச் சின்னப் பொண்ணு வெறுங்கையோடதானே வந்தா? அவளுக்கு ஏன் தண்ணி குடுக்கல?"

குண்டூசி தலையைச் சொறிந்தான். "அது தப்புதான் மிஸ். ஆனா என்கிட்ட யாரும் இப்படிக் கேட்கவே இல்லையே!"

இப்படி எத்தனை கதைகள்! எத்தனை பேருக்காகப் பேசினோம்!

போன பருவத்தில் மிஸ் மீதே ஒரு புகார் வந்தது. கெட்டவர்களுக்குப் பரிந்து பேசப் பழக்குகிறாராம். பிள்ளைகள் வீட்டில் எதிர்த்துப் பேசுகிறார்களாம். தலைமையாசிரியர் அவர்களே, நீங்கள் எங்கள் வகுப்புக்கு வந்து, "இவங்களைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டீர்கள். மிஸ் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நாங்கள் நாற்பத்தொரு பேர். யார் எழுந்தோம்? யாருமே இல்லை! ராட்சசனுக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் மிஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் பள்ளிக்கு வரவில்லை. நூலகத்தில் இப்போது உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து, மாரடைப்பு என்று செய்தி வந்தது.

'அவரது பணியைத் தொடர்வோம்' என்று முடிக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதைத் தொடர்வது? அவர் சொல்லிக்கொடுத்தது எங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் அன்று ஒரு கையாவது உயர்ந்திருக்காதா?

மிஸ் இருந்தால் என்னைத் திட்ட மாட்டார். அந்த நாற்காலியில் உட்காரவைத்து, "சொல்லும்மா, அன்னைக்கு ஏன் எழுந்திருக்கல?" என்றுதான் கேட்பார்.

பயமா இருந்துச்சு மிஸ்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இதற்கு அடுத்த கேள்வியை அவர் ஒருவர்தான் கேட்டிருப்பார்.