நினைவூட்டல் நிறுத்தப்பட்டது

ஐயா,

சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று மூன்று பேர் இருந்தோம். சமையலறைப் பக்கம் என் தங்கை. அவளுக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, அவள் கணவர். அவரை நான் மாப்பிள்ளை என்றே அழைப்பேன். ஜன்னலோரம் நான். நான்காவது நாற்காலியில் மாப்பிள்ளையின் சாமான் பை உட்கார்ந்திருந்தது. ஸ்குரூடிரைவர், டெஸ்டர், கறுப்பு டேப் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த மேசையில் வேலை செய்யத் தயாராக இருந்தது அது ஒன்றுதான்.

கடிதம் என்றால் யார், எங்கே என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். சொல்லிவிட்டேன். இனி விஷயம். குளியலறை ஹீட்டரில் கரண்ட் கசிந்தது. போட்டுவிட்டுக் குழாயைத் தொட்டால் சுரீரென்று இழுத்தது. மாப்பிள்ளையோ லைசென்ஸ் வாங்கிய எலெக்ட்ரீஷியன். பாதித் தெருவுக்கு வெளிச்சம் போட்டவர்.

“ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பார்த்துடறேன் மச்சான்” என்றார்.

“எந்த ஞாயித்துக்கிழமைன்னு கேட்டு வச்சுக்குங்கண்ணா” என்றாள் தங்கை.

“பாருங்க மச்சான், சொந்த வீட்லயே ஃபியூஸைப் பிடுங்குறா.”

நான் ஒரு தாளில் ‘ஹீட்டர் போடக் கூடாது, ஷாக் அடிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். “ரிப்பேர் முடிஞ்சதும் அவர் கையாலயே எடுக்கட்டும். பேப்பர் இல்லேன்னா போடலாம்னு அர்த்தம்” என்றாள் தங்கை. மூவரும் ஒப்புக்கொண்டோம்.

மனிதர்கள் ஏன் வாக்குக் கொடுக்கிறார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நினைவூட்டுக் கடிதம் அனுப்பியே ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன யோசனை வரும். ‘செய்துவிடுகிறேன்’ என்று வாயால் சொன்னதுமே, செய்து முடித்த திருப்தியில் பாதி சொன்னவருக்கு வந்துவிடுகிறது. மீதிப் பாதி கேட்டவருக்கு. இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். வேலை மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் துணையாக, ஞாபகப்படுத்துகிறவன் ஒருவன்.

மாப்பிள்ளைக்குப் பதினேழு ஞாயிறுகள் ஞாபகப்படுத்தினேன். ஒரு ஞாயிறு பார்ட்ஸ் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு உடம்பு அசதி. ஒன்பதாவது ஞாயிறு, “நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க மச்சான்” என்று நன்றிகூடச் சொன்னார். அந்த நன்றியில் யாரும் வெந்நீர் காய்ச்சிக் குளிக்க முடியவில்லை. பன்னிரண்டாவது ஞாயிறு, “மச்சான் ரிட்டயர் ஆகிட்டார், ஆபீஸ்தான் இன்னும் அவரை விட்டு ரிட்டயர் ஆகல” என்றார். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததை மனதில் குறித்துக்கொண்டேன்.

வார்த்தை தவறியவரைத் திட்டக் கூடாது. திட்டினால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார். கெஞ்சவும் கூடாது, கெஞ்சினால் உபகாரம் செய்கிறவராக ஆகிவிடுவார். நான் கண்ட வழி எளியது. ஞாபகப்படுத்துவதை நிறுத்திவிடுவது. கதவில் இருந்த தாளும் ஒரு நினைவூட்டல்தானே. பதினெட்டாவது ஞாயிறு காலையில் அதையும் நிறுத்தினேன். ஈரத்துணியால் நனைத்து, ஓரம் கிழியாமல் எடுத்தேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது, கிழிக்க மனமில்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

என் திட்டத்தில் பொல்லாதது எதுவும் இல்லை ஐயா. தாளைக் காணோம் என்றதும் தங்கை அவருக்கு நன்றி சொல்வாள். செய்யாத வேலைக்கு நன்றி வாங்கிக்கொண்டு மனிதர் அசடு வழிய நிற்பார். அவ்வளவுதான். ஆனால் அவர் எழுந்ததும் எழாததுமாக யார் வீட்டிலோ அவசரம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மற்றவர் வீட்டு அவசரங்களுக்கு அவர் தவறியதே இல்லை.

தங்கை தோளில் துண்டோடு வந்து நின்றாள்.

“அண்ணா, பார்த்தீங்களா, பேப்பரைக் காணோம். சொல்லாம கொள்ளாம செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கார் மனுஷன். நீங்கதான் அவரை நம்பவே மாட்டீங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் தவிர்த்திருக்கலாம்.

‘இல்லை, நான்தான் எடுத்தேன்.’ மூன்றே சொற்கள். ஆனால் பதினேழு தடவை சொன்னவன் பதினெட்டாவது தடவையும் ஏன் சொல்ல வேண்டும். நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன். அவள் சுவிட்சைப் போட்டாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டம்மாவிடம், “எங்க வீட்டுக்காரர் ஹீட்டரை சரி பண்ணிட்டாருக்கா” என்று பெருமையாகச் சொன்னாள். தண்ணீர் சூடாக இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். நான் விளையாட்டுப் பக்கம்வரை படித்துவிட்டேன். எனக்கு விளையாட்டில் ஆர்வம் கிடையாது.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவின் வாக்குமூலமும் இருக்கிறது. ரிப்பேர் செய்யாமலே செய்ததாகப் பொய் சொல்லி மனைவியைக் கொன்றவர் என்று மாப்பிள்ளை உங்கள் முன் நிற்கிறார். கூண்டில் என்னிடம், ஹீட்டர் சரி செய்யப்பட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

போன வாரம் சிறையில் அவரைப் பார்த்தேன். இளைத்துவிட்டார்.

“அவ ஏன் போட்டான்னுதான் மச்சான் புரியல. நான் செஞ்சேன்னு அவகிட்ட சொல்லவே இல்லையே. கதவுல பேப்பர் இருந்துச்சுல்ல? நீங்கதானே எழுதுனீங்க?”

“ஆமாம் மாப்பிள்ளை.”

“அதை ஜட்ஜய்யாவுக்கு எழுதுங்க மச்சான். அடுத்த வியாழக்கிழமை தீர்ப்பு. அதுக்குள்ள எழுதிடுங்க. எனக்கு வேற யாரு இருக்கா?”

எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்தது.

தாளை எடுத்தவன் நான். தங்கை சுவிட்சைப் போட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இன்று புதன்கிழமை, மாலை ஐந்தரை. உங்கள் நீதிமன்றம் என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. நடந்தால் ஆறு நிமிஷம். ஆனால் நீதிபதியிடம் நேரில் போய்க் காகிதத்தை நீட்டுவது முறையாகாது. உறையை ஒட்டி, தபால்தலை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போடப்போகிறேன். இன்றைய தபால்களை ஐந்து மணிக்கே எடுத்துவிட்டார்கள், ஆகவே சாதாரணத் தபாலில் உங்களுக்குச் சனிக்கிழமை கிடைக்கலாம். மாப்பிள்ளை வியாழக்கிழமைக்குள் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒருவராவது வேண்டாமா.