பனிமேல் நட்ட கிளைகள்

கழுகுக்கு எண்ணத் தெரியாது, ஐயா. எங்கள் தொழிலில் பாதி அந்த ஒரு குறையின்மேல்தான் நிற்கிறது. படமெடுக்க ஒளிந்திருக்கும் மறைகுடிலுக்குள் ஒருவர் நுழைவதை அது பார்த்துவிட்டால், அவர் வெளியே வரும்வரை இரையின் பக்கம் இறங்காது. ஆகவே இருவராகப் போவோம். ஒருவர் உள்ளே தங்குவார். மற்றவர் கதவைச் சாத்திவிட்டு, பறவைக்குக் கேட்கும்படி சீழ்க்கையடித்துக்கொண்டு காட்டுவழியே திரும்பிவிடுவார். மரவுச்சியில் அமர்ந்திருக்கும் கழுகு, வந்தவன் போய்விட்டான் என்று நம்பி இறங்கும். உள்ளே இருப்பவருக்குப் படம் கிடைக்கும். திரும்பி நடந்தவருக்குக் குளிர் கிடைக்கும்.

இல்போவும் நானும் இதை முறைவைத்துச் செய்துவந்தோம். ஒரே ஊர், பள்ளியில் ஒரே இருக்கை, ஒரே ஆண்டில் வாங்கிய முதல் கேமரா. எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது: இன்று நீ உள்ளே என்றால் நாளை நான்.

நீங்கள் தெற்கத்தியவர், எங்கள் ஆண்டு எப்படி நகர்கிறது என்று கேட்டீர்கள். கதிரவன் தலைகாட்டாத நெடும்பனிக் காலத்தில் நண்பகலில் மட்டும் ஒரு நீல வெளிச்சம் வந்துபோகும். அதற்காகக் குடிலுக்குள் காத்திருப்போம். குளிரில் மின்கலம் செத்துவிடும் என்பதால் அதை அக்குளில் வைத்து அடைகாப்போம். இளவேனிலில் வெண்பனியின் மேலோடு இறுகிக் காலையில் ஆளைத் தாங்கும்; அப்போது சதுப்பின் நடுவே காட்டுக்கோழிகள் இணைதேடி ஆடும். ஆட்டம் முடிந்து அவை பறக்குமுன் நாம் எழுந்தால் அந்த ஆண்டு அந்தக் களம் பாழ். கோடையில் கொசுவும் மறையாத சூரியனும். இலையுதிர் காலத்தில் மலைச்சரிவு முழுவதும் குருதிநிறம் கொள்ளும். வேட்டைக்காரர்கள் கடமானின் எலும்பையும் குடலையும் எங்களுக்குத் தருவார்கள். அதைக் கொண்டுபோய்க் குடிலின் முன் போட்டால் மீண்டும் பனிக்காலம். இப்படியே எனக்குத் தலை நரைத்தது. குறையொன்றும் இருந்ததில்லை. ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் வரிசையில் நிற்பேன். படைத்தவனின் கைவேலையை அவன் விடிகாலையில் காட்டுகிறான், நான் பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொள்வேன்.

அந்தக் கூட்டைக் கண்டுபிடித்தவன் நான். ஏரிக்கு அப்பால், காற்றில் முறுக்கேறிய ஒரு பழைய பைன் மரத்தில் பொன்னிறக் கழுகுகள் கட்டியது. எங்கள் ஊரில் கூட்டின் இடத்தை ஒருவனிடம் சொல்வது மகளைக் கட்டிக்கொடுப்பது போன்றது. ஆளை நெடுங்காலம் பார்த்த பிறகே சொல்வோம். நான் இல்போவிடம் சொன்னேன். எதிர்மரத்தில் பரண் கட்டினேன், பறவைகள் இல்லாத பருவத்தில், ஆணி அடிக்காமல், கயிற்றால்.

கூட்டுக்கு மேலே ஒரு தடித்த கிளை குடைபோல் நீண்டிருந்தது. படத்துக்கு அது பெருந்தொல்லை. கூட்டின்மேல் எப்போதும் நிழல். இருவரும் அதைச் சபித்திருக்கிறோம். ஆனால் எங்கள் கோடையில் சூரியன் வானத்தைச் சுற்றிவரும், இறங்காது. தூவி மாறாத குஞ்சுக்கு அந்த நிழல்தான் வீட்டுக்கூரை. நிழல் நகரும் ஒரு கோணத்துக்காக நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வரும்.

சென்ற கோடையில் என் முறை வந்தபோது காய்ச்சலில் படுத்துவிட்டேன். இல்போ தன் மனைவி ஹெல்வியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் என் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து படத்தைக் காட்டினான். தாய்க்கழுகு கூட்டின் விளிம்பில் நின்று, இரு சிறகையும் அகல விரித்து, வாய்பிளந்த குஞ்சின்மேல் நிழல் பரப்பி நிற்கிறது. இறகின் ஒவ்வொரு நரம்பிலும் ஒளி. எனக்குக் கண் கலங்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; நான் பொறாமைக்காரனாக இருந்தால் கலங்கியிருக்காது.

“கிளை எங்கடா?” என்று கேட்டேன்.

“காத்துல முறிஞ்சு போச்சுடா. நமக்கு நல்ல நேரம்” என்றான்.

இலையுதிர் காலத்தில் தெற்கே பெருநகரில் அந்தப் படத்துக்கு ஆண்டின் முதற்பரிசு கொடுத்தார்கள். என்னையும் அழைத்துப்போனான். மேடையில் நின்று அழகாகப் பேசினான். ஹெல்விக்கு நன்றி சொன்னான். கம்பளிக் காலுறை பின்னிக்கொடுத்த மாமியாருக்கு, பனிவண்டியைப் பழுதுபார்த்த பையனுக்கு, கடைசியில் தன் நாய்க்கும் சொன்னான். நாய்க்குச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. பிறகு இறங்கிவிட்டான்.

விருந்தில் ஒரு மூத்த அம்மையார் என்னைப் பார்த்து, “நீங்களும் படம் எடுப்பீங்களா?” என்று கேட்டார். நான் வாய்திறக்குமுன் இல்போ என் தோளில் கைபோட்டான்.

“இவனா? கழுகுக்கு எண்ணத் தெரியாதும்மா. கணக்குல கழிச்சுக்க ஒரு ஆளு வேணும். அதுதான் இவன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொன்னவிதம் நன்றாகவே இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் நான் கூட்டுக்குப் போனேன். அந்தப் பருவத்தில் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. மரத்தடியில் பாசியைப் புரட்டினேன். கிளை கிடந்தது. காற்று முறித்த கிளை நார்நாராகக் கிழிந்திருக்கும். இதன் அடி மேசைப்பலகைபோல் வழவழப்பாக இருந்தது. ரம்பம். மேலே ஏறிப் பார்த்தேன். கூட்டில் குஞ்சின் எலும்பு கிடந்தது, வெயிலில் காய்ந்த தூவியோடு. தாய் அந்தக் கூட்டைக் கைவிட்டிருந்தது.

அப்போதுதான் படம் எனக்கு விளங்கியது, ஐயா. உலகம் தாயன்பு என்று வியந்த அந்தச் சிறகுகள், அவன் அறுத்த கூரைக்குப் பதிலாக நாள்முழுதும் விரிந்து நின்றவை. தாய் இரைதேடப் போக முடியாது. போனால் குஞ்சு வெந்துவிடும். போகாவிட்டால் பட்டினி. அந்த இக்கட்டின் நடுவில் அவன் ஒளியளவு பார்த்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறான்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஞாயிறுகளில் எங்கள் போதகர் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தேவாலயக் கூடத்தில் மாட்டினார். இறைவனின் சிறகு நிழலில் நாம் தங்குவதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கீழே இல்போவின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. நான் பாடகர் வரிசையில் நின்று, அதே நிழலைப் போற்றும் பாட்டைப் பாடினேன். சுருதி பிசகவில்லை. கேட்டவர்களை விசாரித்துக்கொள்ளலாம்.

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். தீ மூட்டிக் காப்பி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“கிளைய அறுத்தது நீதானே?”

அவன் மறுக்கவில்லை. “ஒரு கிளைடா. காடு முழுக்கக் கிளைதான்.”

“குஞ்சு செத்துப்போச்சு.”

“பாதிக் குஞ்சு எப்படியும் சாகத்தான் செய்யும்; அது உனக்கே தெரியும். உனக்கு வேற ஏதோ வலிக்குது ஆர்னெ. அதக் கொண்டுபோய்க் குஞ்சு தலையில ஏன் ஏத்துற?” என்று சொல்லி என் கோப்பையை நிரப்பினான். “சர்க்கரை போடவா?”

அவன் சொன்னது தவறு. ஆனால் அவனோடு வாதிட்டுப் பயனில்லை என்று அறிந்தேன். காவல்துறைக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதியிருந்தால் அபராதம் கட்டியிருப்பான். செய்தித்தாளில் அவன் பெயர் இன்னொரு முறை வந்திருக்கும்.

எங்கள் ஏரியைப் பற்றிச் சொல்லவேண்டும். பனிக்காலத்தில் அதுதான் ஊரின் நெடுஞ்சாலை. பனிக்கட்டிப் பாளம் இறுகியதும் ஒரு வீட்டார் பொறுப்பேற்று, கோலால் குத்திப் பார்த்து, உறுதியான வழிநெடுக ஊசியிலைக் கிளைகளை நட்டு வைப்பார்கள். புயலிலும் இருளிலும் அந்தக் கிளைகளைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். ஏரியின் நடுவே நீர் ஒடுங்கி ஓடும் இடம் ஒன்று உண்டு, கழுத்து என்போம். அங்கே அடியில் ஆறு நகர்வதால் பாளம் மெலிந்துதான் இருக்கும். மேலே வெண்பனி மூடிவிட்டால் எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரியும்.

இந்த ஆண்டு நடும் முறை என் வீட்டுக்கு வந்தது. ஒழுங்காக நட்டேன். ஊர் என்னைப் பாராட்டியது.

பின்பனிக் காலத்தில் ஒரு மாலை நல்ல பனிப்பொழிவு. வழித்தடமெல்லாம் மறைந்தது. அது நின்றபின் கிளைகளைப் பிடுங்கி, சறுக்குக்கட்டையில் எடையைப் பரப்பி நின்று, கழுத்தின் குறுக்காக நட்டேன். வேறு எவருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மருத்துவச் செவிலி வாரத்தில் ஒருநாள் அந்த வழியாக வருவார். அந்த நாளைத் தவிர்த்தேன். தேவாலயத்துக்கு வருபவர்கள் உண்டு, ஞாயிற்றைத் தவிர்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் சறுக்குக்கட்டையோடு வருவது வெளிச்சம் நன்றாக வந்தபிறகுதான். சற்று முன்னதாகவே வந்துவிடுவார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். வரவில்லை.

பிறகு இல்போவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“கழுகு ரெண்டும் அக்கரையில இறங்கியிருக்கு. விடியுறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டு வா. நான் முன்னாடியே போயிடுறேன். நீ உள்ள உக்காரு.”

“உன் முறைதானேடா?”

“பரவால்ல. நீயே எடு.”

“நீ நல்லவன்டா” என்றான். “அன்னைக்கு விருந்துல பேசுனது மனசுல வச்சுக்காத. வாய்க்கு வந்தத உளறிட்டேன்.”

“எத?” என்று கேட்டேன்.

“அந்தக் கணக்கு...” என்று இழுத்து, சிரித்துவிட்டு வைத்துவிட்டான். மேடையில் விட்டுப்போன என் பெயரைப் பற்றி அவன் அப்போதும் பேசவில்லை என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளூர்க்காரன் எப்படி ஏமாந்தான் என்று உங்கள் உதவியாளர் வியந்தார். உள்ளூர்க்காரனாக இருந்ததால்தான் ஏமாந்தான். வெளியூரான் என்றால் நின்று பார்ப்பான், கோலால் தட்டிப் பார்ப்பான், கரையின் வளைவு இடம் மாறித் தெரிகிறதே என்று ஐயுறுவான். எங்களுக்கோ நடை பழகும்போதே சொல்லிக்கொடுப்பது ஒன்று: கண் பொய் சொல்லும், கிளை பொய் சொல்லாது. நான் பிறந்தது முதல் எவனும் கிளையை இடம்மாற்றி நட்டதாக எங்கள் ஊரில் கேள்விப்பட்டதில்லை. அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

பாளம் உடைந்து வண்டி முழுதாக நீருக்குள் அடங்கிவிட்டது. அவன் நீருக்குமேல் எழுந்தான். எங்கள் வழக்கப்படி அவன் கழுத்தில் இரும்புப் பனியூசிகள் தொங்கின. அவற்றைக் குத்தி ஏறப் பார்த்தான், விளிம்பு உடைந்துகொண்டே வந்தது. அதற்குமுன் அவன் செய்த ஒன்றைச் சொல்லவேண்டும். தோளிலிருந்த கேமராப் பையைக் கழற்றித் தன்னால் ஆனமட்டும் தூரமாகப் பாளத்தின்மேல் வீசினான். அதில் அவன் வலுவெல்லாம் போய்விட்டது. எந்தப் படக்காரனும் அதைத்தான் செய்வான், நானும் செய்திருப்பேன். அந்தப் பையை ஈரம்படாமல் ஹெல்வியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அண்ணே, நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே” என்றார். ஆமாம் என்றேன்.

கிளைகளை அன்றே பழைய இடத்தில் நட்டுவிட்டேன். புதுக்குழிகளில் நீர் ஊற்றி மூடினேன். உதிர்ந்த ஊசியிலைகள் நீரோடு உறைந்துவிடும் என்று எண்ணாதது என் பிழை. நீங்கள் அதைக் கண்டது திறமை.

அவனை நான் படம் எடுக்கவில்லை. கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது, ஒளியும் வந்துகொண்டிருந்தது. அந்த அளவுக்குக் கீழே இறங்குகிறவன் நான் இல்லை.

கயிறு இருந்ததா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இருந்தது. அக்கரையில், கழுத்தின் மிகக் குறுகிய இடத்தில்தான் நின்றேன், வீசியிருந்தால் எட்டியிருக்கும். அந்தக் குஞ்சின் பொருட்டே இதைச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு எந்தப் பகையும் எனக்கில்லை. அவன் என்னைப் பார்த்தான். ஆர்னெ என்று கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். காற்றில்லாத காலை, உறைந்த ஏரி ஒலியை வெகுதூரம் கொண்டுசெல்லும். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் கரையில் நின்றிருந்தால் அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். நீர் அமைதியான பிறகும் நான் உடனே நகரவில்லை. இன்னும் ஒருமுறை சொல்வானோ என்று காத்திருந்தேன்.