கரையான் ஐயாவுக்கு ஒரு பக்கம்

எங்கள் கலைக்களஞ்சிய அலுவலகத்தில் சண்டை என்று வந்தால், அது பெரும்பாலும் ஒரு காற்புள்ளிக்காகத்தான் இருக்கும். யாரும் குரலை உயர்த்துவதில்லை. அன்று நானும் உயர்த்தவில்லை.

அறிவியல் தொகுதியில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முதலில் பார்ப்பது என் வேலை. அவரைக் கண்டுபிடித்ததும் நான்தான். வாழ்நாள் முழுக்கக் கரையான்களை ஆராய்ந்தவர். அக்கம்பக்கத்தில் கரையான் ஐயா என்பார்கள். தின்னத் தொடங்கும் முன்பே, அதிர்வை வைத்து மரத்தின் பருமனைக் கரையான் அறிந்துகொள்கிறது என்று சொன்னவர். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அப்படி ஒன்றை அதற்கு முன் நான் எழுதியதில்லை.

தலைமை ஆசிரியர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இவரைப் பத்தி வேற யாரும் ஒரு வரி எழுதலையே. உங்களை மட்டும் நம்பி எப்படிப் போடுறது?" பிறகு சிரித்தார். "புத்தகத்துக்குள்ள கரையானை விடச் சொல்றீங்க."

நானும் சிரித்தேன். ஐயாவே நேரில் வந்து விளக்கினால் அம்மாவின் மனம் மாறும் என்று தோன்றியது. மறுநாள் அவரை அழைத்துவரப் போனேன். மகள் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"மாடி ஏறணுமாமே. கையைப் பிடிச்சுக்கோங்கண்ணா," என்றாள்.

பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

அம்மாவின் எதிரே உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "நீங்க சொல்றதுதான் சரிம்மா. நான் சொன்னதை இன்னொருத்தர் செஞ்சு பார்த்தார், அப்படி வரலை. தம்பி ஆசையாக் கூப்பிட்டாரேன்னு வந்தேன்."

அம்மா சாப்பிடப் போனார். ஐயாவை என் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். மேசையில் இருந்த என் கட்டுரையைப் பார்த்தார்.

"கிழிச்சுப் போட்டுடுங்க தம்பி. உங்க எழுத்துக்கு வேற நல்ல ஆள் கிடைப்பாங்க."

தாள்கள் பறக்காமலிருக்க அதன்மேல் ஓர் இரும்புக் கட்டை வைத்திருப்பேன். முதல் அடியிலேயே நாற்காலியோடு சாய்ந்தார். அடுத்த அடிக்கு முன் கையை உயர்த்தி, "தம்பி, வலிக்குது," என்றார். எனக்குக் கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தடுத்த விரல்கள் நொறுங்கின. அவர் முகம் அவர் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்தேன். கட்டுரையில் ரத்தம் தெறிக்கவில்லை. கட்டையை எடுக்கும்போதே தாள்களை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்காகத்தான் செய்தேன். இன்று எல்லாப் பத்திரிகைகளிலும் அவரைப் பற்றி வந்திருக்கிறதாம், உங்கள் காவலர் சொன்னார். இனி அம்மா என்ன சொல்லி மறுப்பார்? இறந்த ஆண்டை மட்டும் சேர்த்தால் போதும்.

கட்டுரையின் கீழே எழுதியவர் பெயர் இருக்கும். அது விடுபடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.